செபமாலையம்மாளின் இரத்தம்

கரடிச்சோலை எஸ்டேட்டுக்கு 1975 தொடக்கத்தில் புதிய டாக்டர் ஒருவர் வந்தார். வந்ததும் அவர் செய்த முதல் காரியம் நல்ல காரியம்தான். பிள்ளை உண்டாகியிருக்கும் பெண்கள் எல்லாரும் இரத்தம் கொடுக்க வேண்டும் என்றார். தாய்க்கு உடலுறவால் தொற்றும் மேகநோய் இருந்தால் பிள்ளை வயிற்றிலேயே செத்துப்போகும். முன்கூட்டியே கண்டுபிடித்து ஊசி போட்டால் காப்பாற்றிவிடலாம். இதைக் கம்பவுண்டர் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் வந்து அறிவித்தார். அப்படி இரத்தம் கொடுத்தவர்களில் ஒருத்தி செபமாலையம்மாள்.

அவள் வட்டவடைப் பக்கம் பிறந்தவள். பூண்டு வயலில் வளர்ந்து, கரடிச்சோலை தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து உருட்டும் ரோலர் ஓட்டும் சுவக்கீனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். கொழுந்து எடுப்பதில் கை வேகம். வாய் அதைவிட வேகம் என்பார்கள் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில். மூத்தவள் புஷ்பமேரிக்கு ஐந்து வயது நடந்துகொண்டிருந்தது. அவளுக்குப் பிறகு தரித்த கருக்கள் தங்கவில்லை. சில வருடங்களாகக் காலையில் விரல் மூட்டுகள் மடங்க மறுத்தன. குளிர் என்று நினைத்துக்கொண்டாள். மலையில் யாருக்குத்தான் மூட்டு வலிக்கவில்லை?

இரத்தம் டவுனுக்குப் போய் முடிவு வந்தது. கம்பவுண்டர் கணவன் மனைவி இருவரையும் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "மேகநோய் இருக்கு. ரெண்டு பேரும் ஊசி போட்டுக்கிடணும்."

லயத்துக்குத் திரும்பும் பாதையில் செபமாலையம்மாள் ஆரம்பித்தாள்.

"போடிச் சந்தைக்கு மாசாமாசம் என்னத்துக்குப் போறீரு? கருவாடு வாங்கவா, கழுதை மேய்க்கவா?"

"வாயை மூடுட்டி. நான் போற எடமெல்லாம் உங்க அண்ணன் சிலுவைராசும் கூட வாரான். அவன்ட்ட கேளு."

"அவனும் ஆம்பளதான? ஒரு கள்ளன் இன்னொரு கள்ளனுக்குச் சாட்சியா?"

அவள் ஒரு தவறும் செய்யாதவள். அது அவளுக்குத் தெரியும். ஆகவே தவறு செய்தவன் அவன்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. தண்ணீர்க் குழாயடியிலும் சொன்னாள், கொழுந்து நிறுக்கும் இடத்திலும் சொன்னாள். சுவக்கீன் தொழிற்சாலைக்குள் போனால் மற்றவர்கள் தொண்டையைக் கனைத்தார்கள். அவனும் தவறு செய்யாதவன். பல்லைக் கடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்க் கையை நீட்டினான். அவன் இரத்தமும் டவுனுக்குப் போய் வந்தது. அதில் ஒன்றும் இல்லை.

அன்றோடு பேச்சு திசை மாறிவிட்டது.

நடந்தது என்ன என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். அந்தச் சோதனை மேகநோய்க் கிருமியை நேராகத் தேடுவதில்லை. மாட்டு இதயத்திலிருந்து எடுத்த ஒருவகைக் கொழுப்பை நோயாளியின் இரத்தநீரோடு கலந்து பார்ப்பார்கள். மேகநோய் வந்தவர்களின் இரத்தத்தில் அந்தக் கொழுப்பைப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்புப் புரதம் உண்டாவதால் கலவை திரிந்து பொடிப்பொடியாகத் தெரியும். ஆனால் மேகநோயோடு சம்பந்தமே இல்லாத வேறு சில நோய்களிலும் அதே எதிர்ப்புப் புரதம் உண்டாகும். கலவை அதேபோல் திரியும். செபமாலையம்மாளுக்கு இருந்தது அப்படிப்பட்ட வேறொரு நோய். இதற்கென்று இன்னும் நுட்பமான சோதனை ஒன்று இருந்தது. கரடிச்சோலையிலிருந்து போகும் இரத்தத்துக்கு அதை யாரும் செய்வதில்லை.

"ரத்தம் பொய் சொல்லுமாட்டி?" என்று கேட்டாள் அன்னமேரி. சுவக்கீனின் அக்கா, புருசனை இழந்து அடுத்த வீட்டில் இருப்பவள். "எந்தம்பிய ஊரெல்லாம் நாறடிச்சியே. இப்பம் நாறுறது யாரு?"

"மைனி, நான் அப்படிப்பட்டவளா?"

"நான் ஒண்ணும் சொல்லல. ஆஸ்பத்திரிக்காரன் சொல்லுதான்."

சுவக்கீன் அவள் வைத்த சோற்றைத் தொடாமல், அக்கா வீட்டில் போய்ச் சாப்பிட்டான். புஷ்பமேரியையும் கூட்டிக்கொண்டு போனான். பிள்ளை இரண்டு வீட்டு வாசலுக்கும் நடுவே நின்று எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அழுதது. அதைப் பார்த்த பிறகுதான் செபமாலையம்மாள் உபதேசியாரிடம் போனாள்.

மாதம் ஒருமுறைதான் பங்குச் சாமியார் ஜீப்பில் வந்து பூசை வைப்பார். மற்ற நாட்களில் செபம் சொல்வது, பிணம் அடக்குவது, சண்டை தீர்ப்பது எல்லாம் உபதேசியார் சூசையப்பன். சாமியாருக்குப் பிடிக்காத ஒரு வழக்கம் அங்கே இருந்தது. தீராத வழக்கு என்றால் இரு தரப்பும் செவ்வாய்க்கிழமை உபவாசம் இருந்து, உச்சிவெயிலில் மேட்டிலுள்ள சிலுவைக் கோயிலான குருசடிக்கு முழங்காலால் ஏறி, அந்தோணியார் சுரூபத்தின் முன் மெழுகுதிரி எரிந்து தீரும்வரை கையில் பிடித்து நிற்க வேண்டும். தலையில் துணி இருக்கக் கூடாது. புனிதர் முகத்தைப் பார்க்க வேண்டும் அல்லவா?

"நான் சத்தியம் பண்ணுதேன் உபதேசியாரே. அவரும் பண்ணட்டும்."

"வயித்துப் பிள்ளைக்காரி. யோசிச்சுக்கோ."

"யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு? பயப்படுதவதான யோசிக்கணும்?"

உயிர்ப்புத் திருநாளுக்கு முந்திய தவசுகாலத்தில் ஒரு செவ்வாய் அது. அந்த மலையில் மற்ற மாதங்களில் மூடுபனி தேயிலைக்கு மேலேயே கிடக்கும். மாசி பங்குனியில் மட்டும் வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். உயரத்தில் காற்று குளிர்வதால் வெயில் சுடுவது தெரியாது. லயமே திரண்டு வந்திருந்தது. செபமாலையம்மாள் முழங்காலில் ஏறினாள். பாதியில் மூச்சு வாங்கி நின்றபோது ஒரு பெண் தண்ணீர் நீட்டினாள், வாங்கவில்லை. மேலே போய் மெழுகுதிரியைப் பற்றவைத்து, வழக்கமான வாசகத்தைச் சொன்னாள்:

"அந்தோணியாரே, கட்டினவரைத் தவிர இன்னொருத்தரை நான் தொட்டதில்ல. தொட்டிருந்தா என் முகத்துல காட்டும்."

சுவக்கீனும் அதையே சொன்னான். மெழுகு வழிந்து விரலில் காய்ந்தது. சூரியன் சாயும்வரை இருவரும் நின்றார்கள்.

அன்று சாயங்காலம் அவன் அவள் கையால் கஞ்சி குடித்தான். "கால் தோலு வழண்டிருக்கு. எண்ணெ வையி" என்றான். அவ்வளவுதான் பேசியது. அவளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. புஷ்பமேரியை மடியில் போட்டுக்கொண்டு தூங்கினாள்.

இரண்டு நாள் கழித்து விடிந்தபோது அவள் முகம் சிவந்திருந்தது. மூக்குத்தண்டின் மேலே தொடங்கி இரண்டு கன்னத்திலும் சமமாக விரிந்து, விளிம்பில் லேசாகத் தடித்த சிவப்பு. ஓங்கி அறைந்தால் விரல் பதிகிற இடம் எதுவோ அந்த இடம். அரிப்பு இல்லை, எரிச்சல் மட்டும். அவளிடம் கண்ணாடி இல்லை. எதிரே நின்ற புஷ்பமேரி கத்திய பிறகுதான் தெரிந்தது.

அன்னமேரி வந்து பார்த்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு வாசலுக்குப் போய், யாரையும் கூப்பிடாமல், எல்லாருக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள்:

"அந்தோணியார் அறைஞ்சிட்டாரு."

சுவக்கீன் முகத்தில் ஒன்றும் இல்லை. அதையும் எல்லாரும் பார்த்தார்கள்.

இதற்குப் பிறகும் அவள் தப்பியிருக்கலாம். அவளே வாயால் கெட்டாள். சாமியார் வரும் நாளுக்கு முன்னால் கண்ணை மூடி, சின்ன வயதிலிருந்து செய்த பாவங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்ப்பது, அவரிடம் அவற்றைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிறவர்களின் பழக்கம். அவளும் தேடினாள். புனிதர் பொய்யாக அறைய மாட்டார் என்று அவளும் நம்பினாள். ஆகவே ஏதோ இருக்க வேண்டும். சுவக்கீன் சோற்றுக்கு அக்கா வீட்டுக்குப் போகக் கிளம்பியபோது வழிமறித்தாள்.

"உண்மையச் சொல்லு. யாரு?" என்றான்.

"யாரும் இல்ல. ஆனா ஒண்ணு உண்டு. கலியாணத்துக்கு முன்னால, போடி சப்பரத்துல பேண்டுல கிளாரினெட் வாசிக்கிறவன் என்னயவே பாத்தான். நானும் பாத்தேன். ஒரு காகிதப் பூ குடுத்தான். அத ரொம்ப நாள் வச்சிருந்தேன். அதுக்குத்தான் அடிச்சிருக்காரு போல."

"பேரென்ன?"

"பேரு தெரியாது. பேசவே இல்ல."

"பேரு தெரியாதவன்கிட்ட இருந்தா சீக்கு வந்துச்சு?"

"நான் பூவச் சொன்னேன்."

அவன் காதில் பூ விழவில்லை. ஆள் ஒருவன் இருந்தான் என்பது விழுந்தது. அடுத்த மாதம் வயிற்றிலிருந்த பிள்ளை விழுந்தது. உயிர்ப்புத் திருநாள் கழிந்ததும் சிலுவைராஜ் வந்து தங்கையைக் கூட்டிக்கொண்டு போனான். புஷ்பமேரி அன்னமேரி வீட்டுக்குள் இருந்தாள். கதவு சாத்தியிருந்தது. செபமாலையம்மாள் வாசலில் நின்று, "வாரேன் மக்களே" என்றாள்.

வட்டவடையில் அண்ணன் வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிட அவளுக்கு மனம் வரவில்லை. பூண்டு வயலுக்கும் முட்டைக்கோஸ் வயலுக்கும் போனாள். அங்கே நிழல் கிடையாது. குனிந்து களை எடுத்தால் முதுகில் வெயில், நிமிர்ந்தால் முகத்தில். சிவப்பு மறைவதும் வருவதுமாக இருந்தது. முடி கொத்தாக உதிர்ந்தது. விரல்கள் வீங்கிப் பூண்டுத் தாளைப் பிடுங்க முடியவில்லை. மூணாறு சந்தைக்கு ஜீப் போகும்போதெல்லாம் யாராவது கரடிச்சோலைக்காரர் கண்ணில் பட்டால், "எம் மக எப்படி இருக்கா?" என்று கேட்டு அனுப்புவாள். "நல்லா இருக்கா" என்று பதில் வரும். வீட்டிலிருந்து அவளைக் கூப்பிட்டு அனுப்பியதாக ஒருமுறைகூடச் சேதி வரவில்லை.

1977இல் கால்கள் வீங்கின. காலையில் கண் திறக்க முடியாதபடி இமையும் வீங்கியது. சிலுவைராஜ் அவளை ஜீப்பில் ஏற்றி, பிறகு பஸ் மாறி, மதுரையில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அங்கே ஒரு டாக்டரம்மா அவளை வெளிச்சத்தில் நிறுத்தி முகத்தை வெகுநேரம் பார்த்தார். "வெயில்ல போனா அதிகமாகுதா?" என்று கேட்டார். அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. இரத்தத்தைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தபோது, சிதைந்த அணுவின் உட்கருவை விழுங்கி வைத்திருக்கும் வெள்ளணுக்கள் தெரிந்தன. இந்த நோய்க்கு அன்று அதுதான் அடையாளம். மேகநோய்க்கான நுட்பமான சோதனையும் செய்தார்கள். மேகநோய் இல்லை, எப்போதும் இருந்ததில்லை.

அவள் நோயைப் புரிந்துகொள்ள, உயிரணுவுக்குள் நடக்கும் ஒரு வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். எந்தப் புரதத்தை எப்படிச் செய்வது என்ற குறிப்பு டி.என்.ஏ.வில் இருக்கிறது. அதிலிருந்து ஆர்.என்.ஏ. என்ற நகல் எடுக்கப்படுகிறது. அந்த நகலில் வேண்டிய துண்டுகளுக்கு நடுவே வேண்டாத நீளங்கள் கிடக்கும். பல சமயம் வேண்டியதைவிட வேண்டாததே அதிகம். வேண்டாததை வெட்டி எறிந்து, வேண்டியவற்றின் முனைகளைச் சேர்த்து ஒட்டினால்தான் நகல் படிக்கத் தகுந்ததாகும். ஓர் எழுத்து தள்ளி வெட்டினாலும் அதற்குப் பின்னால் வருவது முழுவதும் குழம்பிப்போகலாம். இப்படி ஒரு வெட்டும் ஒட்டும் நடக்கிறது என்பதே 1977இல்தான் வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களில் தெரியவந்தது. அவள் மதுரைக் கட்டிலில் கிடந்த அதே ஆண்டு.

எங்கே வெட்டுவது என்பது ஆர்.என்.ஏ.வைப் பற்றிக்கொள்ளும் புரதங்களால் முடிவாகிறது. சில புரதங்கள் வேண்டிய துண்டின்மேல் உட்கார்ந்து, இது இருக்கட்டும் என்று காட்டுகின்றன. சில, ஒரு வெட்டுமுனையை மறைத்து, அதைத் தாண்டிப் போகச் செய்கின்றன. வேறு சில, சின்னஞ்சிறு ஆர்.என்.ஏ. துண்டுகளைச் சுற்றி வளையமாகக் கூடித் துகள்களாகின்றன. அந்தத் துகள் தன்னிடமுள்ள எழுத்துகளை நகலின் எழுத்துகளோடு பொருத்திப் பார்த்து வெட்டுமுனையை அடையாளம் காண்கிறது. பிறகு இன்னும் பல துகள்கள் வந்து சேர்ந்து, தூரத்தில் கிடக்கும் இரு முனைகளையும் பக்கத்தில் இழுத்து, வெட்டி, ஒட்டுகின்றன. புரதங்கள் கூடாவிட்டால் துகள் இல்லை. துகள் இல்லாவிட்டால் வேலை நடக்காது.

செபமாலையம்மாளின் நோயில், வெளியிலிருந்து வரும் கிருமியைப் பிடிக்க வேண்டிய எதிர்ப்புப் புரதங்கள் உடம்பின் சொந்தப் பொருள்களையே பிடிக்கின்றன. பிடிபடுபவற்றில் இந்த வெட்டி ஒட்டும் துகள்களின் புரதங்களும் உண்டு. உயிரோடிருக்கும் அணுவுக்குள் எதிர்ப்புப் புரதம் எளிதில் நுழையாது. வெயில் பட்டுத் தோலின் அணுக்கள் சாகும்போது, உள்ளே இருந்த துகள்கள் வெளிப்பரப்புக்கு வந்துவிடுகின்றன. எதிர்ப்புப் புரதங்கள் அங்கே கூடுகின்றன, தோல் சிவக்கிறது. இப்படிப் பிடியும் பிடிபட்டதுமாகச் சேர்ந்த கட்டிகள் இரத்தத்தோடு போய்ச் சிறுநீரகத்தில் படிகின்றன.

1979இல், இந்த நோயாளிகளின் இரத்தத்தைத் தூண்டில்போல் பயன்படுத்தித்தான் அந்தத் துகள்களை அணுவிலிருந்து தனியே பிடித்தெடுத்தார்கள். வெட்டி ஒட்டும் வேலை இவற்றுடையதாக இருக்கலாம் என்ற எண்ணம் அதையொட்டித்தான் வலுப்பட்டது. செபமாலையம்மாளின் இரத்தத்தில் அந்தக் குறிப்பிட்ட எதிர்ப்புப் புரதம் இருந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. இந்த நோய் உள்ள எல்லாருக்கும் அது இருப்பதில்லை. இருந்தது என்று எழுதினால் பொய்; இருந்திருக்கலாம் என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மாட்டு இதயக் கொழுப்பைப் பிடித்தது வேறொன்று. அது இருந்தது, அதில் சந்தேகமில்லை. அவள் கருக்கள் தங்காததற்கும் அதுவே காரணமாக இருந்திருக்கலாம்.

டாக்டரம்மாவுக்கும் அன்று துகள்களைப் பற்றித் தெரியாது. உடம்பு தன்னையே பகையாக நினைக்கிற நோய் என்பது தெரியும். முழுதாகக் குணமாகாது என்பதும் தெரியும். மாத்திரை எழுதினார். "வீட்டுக்காரர் எங்கே?" என்று கேட்டார். சிலுவைராஜ் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னான்.

"போய்க் கூட்டிட்டு வாங்க. நான் பேசறேன்."

சுவக்கீன் வந்தான். வர மாட்டான் என்று நினைத்த சிலுவைராஜுக்கே ஆச்சரியம். டாக்டரம்மா அவனை உட்காரவைத்து, மெதுவாக, இரண்டு முறை சொன்னார். அவன் நகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அப்பம் சத்தியம் பண்ணி மூணாம் நாளு அவ மொகத்துல அறைஞ்சது யாரு டாக்டரம்மா?"

"வெயில்."

"வெயில் எனக்கும்தான் பட்டுச்சு."

"உங்களுக்கு இந்த நோய் இல்ல."

அவன் எழுந்து வார்டுக்குப் போனான். கட்டிலில் கிடந்தவளை முதலில் அடையாளம் தெரியவில்லை. மாத்திரையால் முகம் வட்டமாக ஊதியிருந்தது.

"பெறகு ஏன்ட்டி அந்தப் பேண்டுக்காரனப் பத்திச் சொன்ன?"

"நீரு கேட்டீரு. தேடுனேன். அது ஒண்ணுதான் கெடச்சுது."

அவன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். அவள் அவனைத் தேற்றவில்லை. "புஷ்பமேரிக்குப் பல்லு விழுந்து முளைச்சிட்டா?" என்று கேட்டாள்.

அந்த ஆண்டு கடைசியில் அவளைக் கரடிச்சோலைக்குக் கூட்டிவந்தான். வீடு வீடாகப் போய், "அது மேகநோய் இல்ல, மதுரையில சொல்லிட்டாங்க. மொகத்துல வந்தது வெயில்" என்றான். எல்லாரும் "சரி, சரி" என்றார்கள். காப்பி கொடுத்தார்கள். அவன் படியிறங்கியதும் "பாவம், பொண்டாட்டி மேல ஆசை" என்றார்கள். உபதேசியாரிடமும் போனான்.

"பூசைக்குப் பெறகு நீரு ஒரு வார்த்த சொல்லிப்போடும் உபதேசியாரே."

"என்னத்தச் சொல்ல? அந்தோணியார் தப்பாச் சொல்லிட்டாருன்னா?"

"அவரு ஒண்ணுமே சொல்லலன்னு."

"அப்பம் இதுக்கு முன்னால அங்க சத்தியம் பண்ணித் தீந்த வழக்கெல்லாம் என்னாகும் சுவக்கீன்?" என்றார் சூசையப்பன். கெட்ட மனிதர் அல்ல, உண்மையாகவே கேட்டார்.

எட்டு வயது நடக்கும் புஷ்பமேரி அத்தையின் பின்னால் நின்று அம்மாவைப் பார்த்தாள். கிட்டத்தட்ட மூன்று வருடமாக, அந்தோணியார் அறைந்தவள் என்று மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளை. செபமாலையம்மாள் அவளைக் கூப்பிடவில்லை. வரட்டும் என்று இருந்தாள். சில வாரங்கள் கழித்து அவளாகவே வந்து கேட்டாள்.

"வெயிலு எப்படிம்மா அடிக்கும்?"

"மத்தவங்கள அடிக்காது. என்னைய மட்டும் அடிக்கும்."

"ஏன்?"

"என் ரத்தத்துக்கு என்னையே தெரியலயாம். டாக்டரம்மா சொன்னாங்க."

பிள்ளை அதை யோசித்தாள். அதன் பிறகு அம்மா வாசல்பக்கம் வந்தால் ஓடிவந்து கதவைச் சாத்துவாள். "வெயிலு இருக்கு, உள்ள போ." அன்னமேரி இதைப் பார்த்துவிட்டு, "ஆத்தாளப் பூட்டி வச்சுப் பழகுதா பாரு" என்று சிரித்தாள்.

மாத்திரையால் சிவப்பு அடங்கியது. சிறுநீரகம் அடங்கவில்லை. 1978 பங்குனியில் செபமாலையம்மாள் இறந்தாள். அவளைக் குளிப்பாட்ட லயத்துப் பெண்கள் யாரும் முன்வரவில்லை. சிலுவைராஜின் மனைவி வட்டவடையிலிருந்து வரும்வரை காத்திருந்தார்கள். பிணத்தை மூடியில்லாத தூம்பாப் பெட்டியில் வைத்து, வழக்கப்படி முகம் தெரியத் துணியை மார்புவரை மட்டும் போர்த்தி, வாசலைத் தாண்டித் தூக்கினார்கள். வெளியே வெயிலில் வானம் வெளுத்துக் கிடந்தது.

"நில்லுங்க" என்று புஷ்பமேரி கத்தினாள். தூக்கியவர்கள் நின்று தோளைத் தாழ்த்தினார்கள். அவள் எட்டித் துணியை இழுத்து அம்மாவின் முகத்தை மூடினாள். ஓரங்களைத் தலைக்கு அடியில் செருகினாள், காற்றில் விலகாதபடி.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "சின்னப் பிள்ளதான, அதுக்கும் வெக்கமா இருக்காதா?" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் ஆமாம் என்றார்கள். சுவக்கீன் அவர்கள் பக்கம் திரும்பி வாயைத் திறந்தான். பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.